வகுப்புக்குக் கதைப் புத்தகம் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு மூன்றாம் வகுப்பில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு ஒடிசா, பீகாரிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். அரூர்ப் பக்கம் லம்பாடிப் பிள்ளைகள், சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், அஞ்செட்டியில் இருளர் பிள்ளைகள். இவர்களுக்குப் புத்தகம் எடுப்பவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் அட்டையைப் பார்த்தே எடுத்துவிடுகிறார்கள்.

அட்டையில் நாலு விதமான உடை, உள்ளே பக்கத்துக்கு ஒரு பண்டிகை: பொங்கல், ரம்ஜான், யுகாதி, கிறிஸ்துமஸ். இது போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அந்தப் புத்தகத்தில் உருது பேசும் பையன் ரம்ஜான் அன்று மட்டும்தான் உயிரோடு இருக்கிறான். மற்ற நாளில் அவன் பென்சிலைத் தொலைப்பதில்லை, மழையில் நனைவதில்லை, தங்கையோடு சண்டை போடுவதில்லை. ஒரு பண்டிகைப் புத்தகம் எடுத்தால், அதே வீட்டுப் பிள்ளை சாதாரண நாளில் வரும் புத்தகம் குறைந்தது இரண்டு எடுங்கள்.

இதைவிடக் கண்ணில் படாத தவறு ஒன்று உண்டு. 16 பக்கக் கதை ஒன்றை வைத்துக்கொள்வோம். மலைக்கிராமத்துச் சிறுமி பள்ளிக்கு வரப் பயப்படுகிறாள். ஊரிலிருந்து வந்த டீச்சர் செருப்பு வாங்கித் தருகிறார். வீட்டில் களி தின்றவள் கடைசிப் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுச் சிரிக்கிறாள். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனால் அவள் வாய் திறப்பது இரண்டே இடத்தில்: “சரி டீச்சர்”, “நன்றி டீச்சர்”. எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எந்தப் பாதை மழையில் வழுக்கும் என்று அவளுக்குத் தெரிந்த எதுவும் கதைக்குள் வரவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் எத்தனையோ வீட்டில் விருப்பமாகச் சாப்பிடும் ராகிக் களி, இந்தக் கதையில் ஏழ்மைக்கு அடையாளமாகிவிட்டது. அதைக் கேட்கும் பிள்ளை மறுநாள் வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று சொல்லக் கூசும்.

இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். முதலில் எழுத்தைக் காகிதத்தால் மறைத்துப் படங்களை மட்டும் புரட்டுங்கள்: யார் நடுவில் பெரிதாக, யார் ஓரத்தில் சின்னதாக? பிறகு ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: பேசுபவர், முடிவெடுப்பவர், உதவி வாங்குபவர். பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு சமூகத்துப் பிள்ளையின் கோடெல்லாம் மூன்றாம் கட்டத்திலேயே விழுந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். பிள்ளைகள் புத்தகம் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். மேலே சொன்ன கதை மற்றவர்களுக்கு ஒரு கோணல் ஜன்னல்; அந்தச் சிறுமிக்கோ அதில் தன் முகமே தெரியாது.

மொழியிலும் சறுக்குவோம். தெலுங்கு வீட்டு அவ்வா, கன்னட வீட்டு அஜ்ஜி, உருது வீட்டு நானி எல்லோரையும் ‘பாட்டி’ ஆக்கிவிட்டால் பிள்ளைக்குத் தன் வீடு தெரியாது. இருமொழிப் புத்தகம் என்றால், அந்த மொழி பேசும் அம்மாவையோ பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரையோ இரண்டு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் மொழிபெயர்ப்பு சரியில்லை. எழுத்தின் அளவையும் பாருங்கள். தமிழ் பெரிதாகவும் தெலுங்கு பொடியாகவும் இருந்தால், எந்த மொழி பெரியது என்பதைப் பிள்ளை அதிலிருந்தே கற்றுக்கொள்ளும்.

பழைய புத்தகத்தில் மறுபதிப்பு ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் பதிப்பு ஆண்டைத் தேடுங்கள். ‘காட்டுவாசி’ என்ற சொல்லும் இலையாடைப் படமும் புது அட்டைக்குள் அப்படியே இருக்கும்.

இருளரைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் வைத்துவிட்டு முடித்துக்கொள்வதும் தவறு. அது எவ்வளவு நல்ல கதையானாலும், எல்லா இருளரும் அப்படித்தான் என்று ஆகிவிடும். ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்தால் இது தெரியாது, அலமாரியை மொத்தமாகப் பார்க்க வேண்டும்.

நல்ல புத்தகத்தையும் கெடுக்கும் ஒரு கேள்வி உண்டு. படித்துக் காட்டும்போது ஒரு பிள்ளையைப் பார்த்து, “உங்க வீட்டுலயும் இப்படித்தானே?” என்று கேட்பது. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும், அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அதற்குப் பதில் எல்லோரையும் கேளுங்கள்: “இந்தப் பக்கத்துல யாருக்குக் கோபம் வந்துச்சு? ஏன்?” சொல்ல விரும்பும் பிள்ளை தன் வீட்டுக் கதையைத் தானாகவே எடுத்துக்கொண்டு வரும்.