சர்வே டேட்டாவ மாடல்ல ஏத்தறதுக்கு முன்னாடி நாம பண்ற தப்புங்க

வார்டு வாரியா ஒரு கணக்கு வேணும்னா சர்வே மட்டும் பத்தாது, ஒரு வார்டுல விரல்விட்டு எண்ற அளவுக்குத்தான் வீடு மாட்டும், அதனாலதான் சர்வேயையும் சென்சஸையும் கோத்து மாடல் போடறோம். நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி தப்பு மாடலுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடுது.

பெரிய தப்பு, டேட்டா டேபிள்ல காலம் (column) பேரு ஒண்ணா இருந்தா கேள்வியும் ஒண்ணுதான்னு நம்பறது. நான் வளந்த மும்பை தாராவியையே எடுத்துக்கங்க, இங்க நெறைய பேருக்கு பொதுக் கக்கூஸ்தான். 2011 சென்சஸ்ல கக்கூஸ் வீட்டு வளாகத்துக்குள்ள இருக்கான்னு கேட்டாங்க, இல்லன்னா பொதுவா திறந்தவெளியான்னு பிரிச்சாங்க. தேசிய குடும்ப நல சர்வேல எந்த மாதிரி கக்கூஸ் உபயோகிக்கறீங்கன்னு கேட்டுட்டு, மத்த வீட்டுக்காரங்களோட பங்கு போடறீங்களான்னு தனியா கேக்கறாங்க. ரெண்டையும் 'கழிப்பறை உண்டு'ன்னு ஒரே column-ஆ ஆக்கினா அதே சந்து ஒரு பக்கம் ஆமா, இன்னொரு பக்கம் இல்ல. ரெண்டு கேள்வித்தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரிவரியா படிங்க, வேற குறுக்கு வழி கெடையாது.

அடுத்து ஜிபிஎஸ். அந்த சர்வேல யார் வீடுன்னு தெரியக்கூடாதுன்னு கிளஸ்டர் புள்ளிய (சேர்ந்தாப்ல சர்வே பண்ண வீட்டுக் கூட்டத்தோட இடத்த) நகரத்துல 2 கிலோமீட்டர் வரைக்கும், கிராமத்துல பெரும்பாலும் 5 வரைக்கும் வேணும்னே நகத்தி வெச்சிருப்பாங்க, அது நியாயமான காரணம்தான். ஆனா தாராவி புள்ளி பக்கத்து ஏரியாவான மாட்டுங்கால போய் விழலாம், நாம அத அப்படியே வார்டு மேப் மேல போட்டா கதையே மாறிடும், புள்ளிய சுத்தி ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள வர்ற இடங்களோட சராசரிய எடுக்கறது கொஞ்சம் பரவால்ல.

மாவட்ட எல்லையும் அப்படித்தான். மகாராஷ்டிரால பால்கர் மாவட்டம் தாணே மாவட்டத்துல இருந்து பிரிஞ்சது 2014 ஆகஸ்ட் 1ல, அதனால 2011 சென்சஸ்ல தாணேன்னா பால்கரும் உள்ள இருக்கு, தாலுகா வாரியா எடுத்து திரும்பக் கூட்டணும்.

அதே குடும்ப நல சர்வேல வெயிட்ட, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்குல எவ்வளவு எடை குடுக்கணும்னு சொல்ற நம்பர, 10 லட்சத்தால வகுக்கணும். வயசு 98னு இருந்தா 98 வயசு இல்ல, தெரியாதுங்கறதுக்கான குறியீடு. எத்தன பேருக்கு குழாய்த் தண்ணி இருக்குன்னு சொல்லணும்னா வீட்டு வெயிட்ட வீட்டு ஆளுங்க எண்ணிக்கையால பெருக்கணும், இல்லன்னா தனியாளா ரூம் எடுத்து இருக்கற பையனும் எட்டு பேர் குடும்பமும் ஒண்ணாயிடும்.

ஒரு ஏரியால சாம்பிள்ல வந்த எல்லாரும் ஒரே பதில் சொல்லிட்டா வேரியன்ஸ், அதாவது அந்தக் கணக்கு எவ்வளவு ஆடும்ங்கற அளவு, பூஜ்யம்னு வரும். சர்வேயையும் சென்சஸையும் கோக்கறதுக்கு நாம போடற, 1979ல வந்த ஃபே-ஹெரியட் மாடல் அந்தப் பூஜ்யத்தப் பாத்துட்டு அந்த நாலஞ்சு வீட்ட முழுசா நம்பிடும், சென்சஸ் பக்கம் திரும்பியே பாக்காது, அதனால எல்லா ஏரியா வேரியன்ஸையும் சாம்பிள் அளவோட சேத்து ஸ்மூத் பண்ணிட்டு (ஏத்த எறக்கத்த சமன் பண்ணிட்டு) அப்பறம்தான் உள்ள விடணும்.