கடலை பொக்காகப் போகிறதா? ஜிப்சம் போடுங்கள்
நிலக்கடலைச் செடி மேலே தளதளவென்று நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் பாதிக் காய் பொக்கு, உள்ளே பருப்பு இருக்காது. பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான் காரணம். காய்க்கு வேண்டிய சுண்ணாம்பை வேர் கொண்டுவந்து தராது, பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அடியுரத்தோடு விட்டுவிடாமல், விதைத்த 40-45ஆம் நாள் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ தூரை ஒட்டித் தூவி, ஈரம் இருக்கும்போதே கொத்தி மண் அணைத்துவிடுங்கள். அதிலுள்ள கந்தகத்தால் எண்ணெய்ச் சத்தும் கூடும். அப்புறம் களைக்கொத்தைத் தொடவே வேண்டாம், விழுது அறுந்தால் அந்தக் காய் போச்சு.

அறுவடைக்கு முன் நாலைந்து செடி பிடுங்கிக் காயின் ஓட்டை உடைத்துப் பாருங்கள். உட்புறம் வெள்ளையாக இருந்தால் பொறுங்கள், கரும்பழுப்பு ஏறியிருந்தால் முற்றிவிட்டது.