ஆத்தங்குடிப் பட்டறைக்கு யார் போட்டி? வலைப்பின்னலாக வரைந்து பார்ப்பது எப்படி

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் செய்யும் பட்டறை வைத்திருப்பவரிடம் போய் உங்களுக்கு யார் போட்டி என்று கேட்டால் பக்கத்துப் பட்டறையைத்தான் கைகாட்டுவார். அதை நம்பிப் போட்டி வலைப்பின்னலை வரைந்தால் ஊர்த் தெருதான் கிடைக்கும். வீடு கட்டுகிறவர்களிடம் கேளுங்கள், தரைக்கு எங்கெங்கே விலை விசாரித்தீர்கள் என்று.

ஒரு நோட்டில் இடது பக்கம் வீடுகள், வலது பக்கம் கடைகள், விசாரித்த கடைக்கெல்லாம் ஒரு கோடு. அப்புறம் வீடுகளை எடுத்துவிட்டு, ஒரே வீட்டுக்காரர் ஏறி இறங்கிய கடைகளை ஒன்றோடொன்று இணையுங்கள். எத்தனை வீடு பொதுவோ அத்தனை கனம் அந்தக் கோட்டுக்கு. கண்ணாடி மேல் வர்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே கல் செய்கிற பட்டறைக்கும் காரைக்குடி டைல்ஸ் ஷோரூமுக்கும் நடுவே ஒரு தடித்த கோடு விழலாம். பட்டறைக்காரர் அந்த ஷோரூமைக் கணக்கிலேயே வைத்திருக்க மாட்டார்.

ஆனால் வெறும் கோடு போதாது, அம்புக்குறி வேண்டும். நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது இதைத்தான். பட்டறைக்கு வந்தவர்கள் 20 பேர், ஷோரூமுக்கு 100 பேர், இரண்டுக்கும் போனவர்கள் 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்கு அந்த 10 பேர் வந்தவர்களில் பாதி, அதாவது 0.5. ஷோரூமுக்கு வெறும் 0.1. ஒருவருக்குத் தூக்கம் கெடுக்கிற போட்டி இன்னொருவர் கண்ணிலேயே படுவதில்லை, அதனால் திசைக்கொரு அம்புக்குறி போட்டு இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு இடத்தில் கவனம். ஒரே காண்ட்ராக்டர் 10 கடையில் கொட்டேஷன் வாங்கியிருந்தால் அவர் ஒருவராலேயே 45 கோடு விழுந்து படம் முழுக்கக் கறுத்துப்போகும். அவர் தரும் ஒவ்வொரு கோட்டையும் 9-ஆல் வகுத்துவிடுங்கள், அதாவது விசாரித்த கடைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து. மூன்று கடை ஏறியவருக்கு 2-ஆல்.

பத்துப் பதினைந்து கடை என்றால் கையாலேயே வரையலாம். அதற்கு மேல் போனால் எக்செலில் கடை, எதிர்க்கடை, கனம் என்று மூன்று பத்தி போட்டு கெஃபியில் (Gephi) ஏற்றுங்கள், வலைப்பின்னல் வரைகிற இலவச மென்பொருள்தான். பைத்தான் தெரிந்தவர்களுக்கு அதே வேலைக்கு நெட்வொர்க்எக்ஸ் (NetworkX) என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது.

படம் வந்ததும் ஒவ்வொரு கடையாக அழித்துப் பாருங்கள். எந்தக் கடையை எடுத்தால் வலை கைக்கல் பக்கம், ஷோரூம் பக்கம் என்று இரண்டு துண்டாகிறதோ அந்தக் கடைதான் இரண்டு சந்தையையும் ஒட்டவைத்திருக்கிறது. அங்கே விலை மாறினால் இரண்டு பக்கமும் தெரியலாம், முதலில் அந்தக் கடைக்குப் போய்ப் பேசுங்கள்.