பழைய போனையும் பேட்டரியையும் மலையிலிருந்து பத்திரமாக இறக்குவது எப்படி?

குன்னூரில் எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டியை ஒரு காட்டெருமை கிளறிக்கொண்டிருந்தது. வாழைத்தோலோடு அதன் வாயில் ஒரு சார்ஜர் ஒயரும் தொங்கியது. கொஞ்ச நேரம் மென்றுவிட்டுத் துப்பியது. கிட்டே போய்ப் பிடுங்க முடியாமல் பதைபதைப்போடு நின்றேன். அன்று ஆரம்பித்த பழக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூடியுள்ள ஒரு டப்பா. ஓடாத போன், சார்ஜர், இயர்போன், ரிமோட் எல்லாம் அதற்குள் போகட்டும். திண்ணையில் வைக்காதீர்கள், குரங்கு திறந்துவிடும். ஈரம் படாத அலமாரி நல்லது.

அடுத்து போன். படங்களை வேறு இடத்துக்கு மாற்றி, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, போனில் உள்ளதையெல்லாம் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுங்கள். சிம், மெமரி கார்டைக் கழற்றுங்கள்.

பேட்டரி விஷயத்தில் நிதானம் வேண்டும். எளிதாகக் கழன்று வருவதை மட்டும் கழற்றி, முனைகளில் செலோடேப் ஒட்டுங்கள். அங்கே உலோகம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். உப்பிப்போன பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும்போது குப்பைமேட்டில் ஒரு பேட்டரி பற்றினால், தீ காட்டுக்குள் இறங்க எவ்வளவு நேரமாகும்?

பெட்டி டிவியையும் டியூப்லைட்டையும் உடைக்காதீர்கள். ஒன்றின் கண்ணாடியில் ஈயம், இன்னொன்றில் பாதரசம். சரிவில் கொட்டியது மழையோடு ஓடைக்குப் போகும். கடமானும் கரடியும் குடிக்கிற தண்ணீர் அது. குன்னூர் ஆறாகி பவானியில்தான் சேர்கிறது. ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டாம், அந்தப் புகையில் டயாக்சின் என்ற நச்சு இருக்கும்.

சரி, யாரிடம் கொடுப்பது? 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளருடையது. போன் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டு, கோவைப் பக்கம் எங்கே வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் விவரம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் கிடைக்கும். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கோவைக்கு இறங்கும்போது டப்பாவையும் வண்டியில் ஏற்றிவிடுங்கள். இதற்கென்று தனியாக ஒரு நடை போக வேண்டாம்.

இதில் நம் காடு மட்டுமில்லை. போனுக்குள் டான்டலம் என்ற உலோகம் இருக்கிறது; அதன் தாது கோல்டான். கிழக்குக் காங்கோவில் கொரில்லாக்கள் வாழும் ககூசி-பியேகா தேசியப் பூங்காவுக்குள்ளேயே அதற்காகத் தோண்டியிருக்கிறார்கள். பழைய போனிலிருந்து தங்கமும் செம்பும் நன்றாகவே திரும்பக் கிடைக்கும், டான்டலத்தை எடுப்பதுதான் கஷ்டம். 2022ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம்தான். அதனால் டப்பாவில் போடும் முன் ரிப்பேர் கடையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். பேட்டரியை மட்டும் மாற்றி, என் போன் இன்னும் ஓடுகிறது.