ஊர்கூடிப் பழைய தியேட்டரை மீட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூட்டிக் கிடக்கும் ஒற்றைத் திரை அரங்கு கல்யாண மண்டபமாகவோ வணிக வளாகமாகவோ மாறுவதற்கு முன் அதை மீட்டு, ஊர்க்காரர்களின் பணத்தாலும் உழைப்பாலும் மறுபடியும் படம் ஓட வைக்க வேண்டும் என்று கிளம்பும் குழுக்கள் அவ்வப்போது என்னிடம் ஆலோசனை கேட்டு வருகின்றன. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். வருகிறவர்களின் ஆர்வத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே காரியங்களை, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்கிறார்கள். ரசீது கொடுக்காமல் வசூலிப்பது, பழைய மின்கம்பிகளைச் சோதிக்காமல் மெயினைப் போடுவது போன்றவற்றை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

வில்லங்கம் பார்க்காமல் வசூலில் இறங்குவது

சாவியை வைத்திருப்பவரே உரிமையாளர் என்று நம்பிவிடாதீர்கள். தியேட்டரைக் கட்டியவர் காலமாகி இரண்டு தலைமுறை ஆகியிருந்தால், பங்காளிகளில் ஒருவர் சென்னையிலும் இன்னொருவர் வெளிநாட்டிலும் இருப்பார்கள். சுவருக்கு வெள்ளை அடித்த மறுநாளே அவர்களுக்குச் சொத்தின் மதிப்பு நினைவுக்கு வரும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதாது.

நன்கொடையாக வந்த சிமெண்ட்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தத் தவறுதான். எத்தனை ஊர்களில் பார்த்தாலும் இதைக் கண்டு எனக்கு எரிச்சல் அடங்கியபாடில்லை.

ஊர்மக்கள் பணமாகக் கொடுப்பதைவிடப் பொருளாகக் கொடுக்கவே விரும்புகிறார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் சிமெண்ட் தருகிறார், டைல்ஸ் கடைக்காரர் மிச்சமிருந்த டைல்ஸ் பெட்டிகளை இறக்குகிறார், பெயிண்ட் முகவர் எமல்ஷன் வாளிகளை அனுப்பி வைக்கிறார். குழு மகிழ்ந்துபோய் நன்றி அறிவிப்புப் பலகை வைக்கிறது. அந்த நொடியிலிருந்து, கட்டடத்தை எப்படிப் பழுதுபார்ப்பது என்ற முடிவு குழுவின் கையிலும் இல்லை, பொறியாளரின் கையிலும் இல்லை; கிடங்கில் எது குவிந்திருக்கிறதோ அதுவே முடிவு செய்கிறது.

காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு சிறு நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சுதந்திரத்துக்கு முன்னால் கட்டப்பட்ட தியேட்டர். சுவர் செங்கல், கட்டுமானமும் பூச்சும் சுண்ணாம்புக் காரை, திரைக்கு இருபுறமும் சுதையில் செய்த கொடி வேலைப்பாடு. அந்தத் தியேட்டரில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்து வளர்ந்த கடைக்காரர் ஒருவர் லாரி நிறையச் சிமெண்ட் மூட்டைகளை அனுப்பினார். அவருடைய நோக்கத்தில் ஒரு துளி மாசும் கிடையாது. ஐப்பசி மழை தொடங்கவிருந்தது. மூட்டைகளோ பழைய டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் வெறும் தரையில் அடுக்கப்பட்டிருந்தன. சிமெண்ட் மூன்று மாதங்களுக்கு மேல் இருப்பில் கிடந்தால் வலு குறையும். ஈரக்காற்று பட்டால் அதற்குள்ளாகவே மூட்டைக்குள் கட்டிதட்டிவிடும். வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில், உதிர்ந்திருந்த இடங்களை மட்டுமல்லாமல் நன்றாக இருந்த காரையையும் கொத்தி இறக்கி, சுவர் முழுவதற்கும் சிமெண்ட் பூசி முடித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பூச்சு வழவழவென்று, பார்ப்பதற்கு மிக அழகாகவே இருந்தது.

அந்தக் காலத்துச் சுவர்களில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறாமல் தடுக்கும் படுகை அடித்தளத்துக்கு மேல் பெரும்பாலும் போடப்பட்டிருக்காது. போட்டிருந்தாலும் இத்தனை காலத்தில் பயனற்றுப் போயிருக்கும். மண்ணிலுள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மெல்ல மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைத் தடுப்பதில்லை. தன் வழியே ஆவியாகி வெளியேற விட்டுவிடுகிறது. பூச்சு காலப்போக்கில் பொரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் திரும்பப் பூசினால் போதும், உள்ளே செங்கல் பிழைத்திருக்கும். சிமெண்ட் பூச்சு அந்த வாசலை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம், பூச்சு முடியும் இடம் எங்கே என்று தேடி இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. அதோடு கரைந்து வரும் உப்பு, செங்கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவில் படிகமாகத் திரண்டு செங்கல்லின் முகத்தை உள்ளிருந்தே பொடியாக்குகிறது.

முதல் மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிந்து நான் போனபோது, இடுப்பளவில் நின்றிருந்த ஓதம் சுதைக் கொடியின் அடிப்பாகத்தைத் தொட்டிருந்தது. விரல் முட்டியால் தட்டினால் பூச்சு பொள்ளென்று ஒலித்தது. நகத்தால் கீறிய இடத்தில் உப்பு வெள்ளை மாவாகக் கொட்டியது. கொடியின் இலைகள் சில ஏற்கெனவே தரையில் கிடந்தன. இனி எடுத்துவிடலாமே என்றால் அதிலும் சிக்கல்: சிமெண்ட் பூச்சு பழைய செங்கல்லைவிடக் கெட்டியானது என்பதால், கொத்தும்போது செங்கல்லின் மேற்பரப்பையும் பெயர்த்துக்கொண்டுதான் வருகிறது. இலவசமாக வந்த பூச்சை அகற்றுவதற்கு, முதலிலேயே சுண்ணாம்பு வாங்கிப் பூசியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகமாயிற்று. கடைக்காரருக்கோ, தன் காணிக்கையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்ற மனவருத்தம்.

ஆகவே பொருள் நன்கொடையை வாங்குவதற்கு முன்பே பழுதுபார்க்கும் முறையை எழுதி முடிவு செய்துவிடுங்கள். எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு, எந்தத் தரைக்கு எந்தக் கல் என்று எழுதிய தாள் ஒன்று கையில் இருந்தால், “இந்தப் பட்டியலில் உள்ளதைத் தாருங்கள், ஐயா” என்று சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. பணமாகத் தரச் சொல்வதற்கு வலுவான காரணமும் உண்டு. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் வருமான வரி அங்கீகாரத்தை (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி பிரிவு) உங்கள் அறக்கட்டளை பெற்றிருந்தால், அந்தச் சலுகை பணமாகக் கொடுத்த நன்கொடைக்கே கிடைக்கும். பொருளாகக் கொடுத்ததற்குக் கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கும் கிடையாது என்பதால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள். வியாபாரிகளிடம் பாரம்பரியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைக் காட்டிலும் இந்த ஒரு தகவல் விரைவாக வேலை செய்கிறது.

அதையும் மீறிச் சிமெண்ட் வந்து இறங்கிவிட்டால், அதற்கு உரிய இடங்கள் தியேட்டர் வளாகத்திலேயே இருக்கின்றன: சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி, ஜெனரேட்டர் மேடை, புதிய கழிப்பறைகள். இன்னொரு நகரத்தில் இப்படி யோசனை சொன்னபோது, “என் சிமெண்ட்டைக் கக்கூசுக்கா போடுறீங்க?” என்று கொடையாளர் கோபித்துக்கொண்டார். பால்கனி இருக்கை வரிசை ஒன்றுக்கு அவருடைய தந்தையின் பெயரைச் சூட்டுவதாக ஒப்புக்கொண்ட பிறகே சமாதானமானார். சிமெண்ட்டை எதிரியாகக் கருத வேண்டியதும் இல்லை. 1940களிலும் 50களிலும் கட்டிய பல தியேட்டர்களின் முகப்பு விதானம் கம்பி கட்டிய கான்கிரீட்தான். அதற்குச் சுண்ணாம்பு பூசுவேன் என்று அடம்பிடிப்பதும் அறியாமையே. எது எதனால் கட்டப்பட்டதோ அதற்கு அது.

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் பல வாரம் ஊறப்போட்டு, சலித்த மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு, மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் அது இறுகுகிறது என்பதால் ஒவ்வொரு பூச்சுக்கும் இடைவெளி வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டு வீடுகளிலும் கோயில் திருப்பணிகளிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி அழைத்து வருவதும், ஊர் இளைஞர்கள் இரண்டு பேரை அவர்களிடம் கையாளாகச் சேர்த்துவிடுவதும் லாரி நிறைய மூட்டைகளைவிடப் பெரிய பங்களிப்பு. சுண்ணாம்புக் கல் நீற்றும் இடத்தில் மட்டும் தன்னார்வலர்களை நெருங்க விடாதீர்கள்; கொதிக்கும் குழம்பு கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும்.

எமல்ஷன் பெயிண்ட்டும் சுவர் டைல்ஸும் இதே கதைதான். முன்னது சுவரின் மூச்சை அடைக்கிறது. பின்னது ஒலியை எதிரொலித்து, வசனம் ஒன்றும் புரியாத கிணறாக அரங்கை ஆக்கிவிடுகிறது.

முதல் நாளே சிரமதானம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைப்பமும் மண்வெட்டியுமாக ஊரே திரள்வது நல்ல புகைப்படமாக அமையும். மாலையில் குப்பை வண்டியில் என்ன போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ‘இடைவேளை’ என்று எழுதிய கண்ணாடி ஸ்லைடுகள், உள்ளூர் ஜவுளிக்கடை விளம்பர ஸ்லைடுகள், தினசரி வசூல் எழுதிய டிசிஆர் புத்தகங்கள், இருக்கை எண் தகடுகள், ஆர்க் விளக்கில் எரிந்து மிஞ்சிய செம்புப் பூச்சுள்ள கார்பன் குச்சித் துண்டுகள். இவற்றைக் குப்பை என்று தன்னார்வலர்கள் நினைப்பதில் பிழையில்லை; எவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெருக்குவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் இருந்தபடியே படம் எடுத்து, பொருள்களுக்கு எண் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்றி, பழைய ஆபரேட்டர் ஒருவரையாவது அழைத்து வந்து காட்டிவிடுங்கள். அதுவரை எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது.

ஆபரேட்டர் அறையில் கிடைக்கும் ஃபிலிம் சுருள்

1950களின் தொடக்கம் வரை நைட்ரேட் ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. அது தீப்பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். பிற்காலத்து அசிடேட் ஃபிலிம் கெடும்போது வினிகர் நெடி அடிக்கும். எந்த வகை என்று தெரியாத சுருளை விரித்துப் பார்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். பெட்டியை நிழலில் தனியே வைத்துவிட்டு, புனேயில் 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தன்னார்வலர்களை வைத்து இறக்குவது

கூடவே கூடாது.

பெண்களிடம் கேட்காமல் வரைபடம் போடுவது

நினைவுகளைத் திரட்டக் கூட்டம் போட்டால் பழைய மேலாளரும் ரசிகர் மன்றத்து மூத்தவர்களும் வந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எவருடைய கட்அவுட் பெரியது என்பதெல்லாம் கிடைக்கும். கட்டடத்தைப் பற்றி அதிகம் கிடைக்காது. ஓர் ஊரில், கூட்டத்துக்கு வராத பாட்டிமார்களைத் திண்ணையில் போய்ப் பார்த்தபோது ஒருவர், “பொம்பளைங்க வாசல் மேக்காலல்ல இருந்துச்சு, அதை எங்க காணோம்?” என்று கேட்டார். மேற்குச் சுவரின் பூச்சில் வளைவாக ஓடிய விரிசலுக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது: அங்கே ஒரு வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த வாசல் மீண்டும் திறக்கப்பட்டு, அவசர வழிக்காகப் புதிதாகச் சுவரை உடைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

உரிமத்தைக் கடைசியில் நினைப்பது

தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் 1955ஐச் சேர்ந்தது. அதன் விதிகள் 1957இல் வந்தவை. மாவட்ட ஆட்சியரிடம் சி படிவ உரிமம் பெறாமல் டிக்கெட் விற்க முடியாது. கட்டட உறுதி, மின்சாரம், தீயணைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். பல ஆண்டு மூடிக் கிடந்த அரங்கை, முன்பு உரிமம் இருந்ததே என்று அதிகாரிகள் சலுகையோடு பார்க்க மாட்டார்கள். வெளியேறும் வழிகளின் அகலம், இருக்கை வரிசைகளுக்கு இடையிலான வழி, ஆபரேட்டர் அறையின் தீத்தடுப்பு ஆகியவற்றை முதல் வரைபடத்திலேயே பொறியாளரிடம் சரிபார்த்துவிட்டால், மொசைக் தரையைப் போட்டு முடித்த பிறகு உடைக்க நேராது.

திறப்பு விழாத் தேதியை முன்கூட்டியே அறிவிப்பது

அறிவிக்காதீர்கள். சுண்ணாம்பு எந்தப் பிரமுகரின் நாள்குறிப்பையும் பார்த்துக் காய்வதில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் காட்சியை யோசிக்காமல் விடுவது

சென்னை அண்ணா சாலையில் வார்விக் மேஜர் 1913இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் சில ஆண்டுகளே படம் காட்டியது. ஆனாலும் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறதென்றால், அஞ்சல் துறை அதை வாங்கிப் பயன்படுத்தி வந்ததே காரணம். மீட்டெடுத்த அரங்கு வாரம் முழுவதும் என்ன செய்யும் என்ற கேள்விக்கு, பூச்சு வேலைக்கு முன்பே பதில் வேண்டும்.

புதுப்படம் எடுத்தால் குறிப்பிட்ட நாள்களுக்கு எல்லாக் காட்சிகளும் அதற்கே என்று விநியோகஸ்தர் நிபந்தனை போடுவார். ஒரே திரை உள்ள அரங்கில் அந்த நாள்களில் பள்ளிக் காட்சிக்கும் பழைய படத்துக்கும் இடமில்லை. படம் விழுந்துவிட்டால் காலி நாற்காலிகளுக்குக் குளிர்சாதனம் ஓட்ட வேண்டியதுதான். ஸ்காட்லாந்தின் கேம்பெல்டவுன் என்ற சிறு நகரத்தில் 1913இல் திறக்கப்பட்ட பிக்சர் ஹவுஸ் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. 1986இல் மூடிய அரங்கை ஊர்மக்களின் அமைப்பு வாங்கி நடத்தியது. பின்னர் பெரிய அளவில் புதுப்பித்து 2017இல் திறந்தபோது, பழைய கூடத்தைக் கூறுபோடாமல், பக்கத்தில் புதிதாகக் கட்டிய பகுதியில் இரண்டாவது திரையை வைத்தார்கள்.

நம் ஊர் வளாகங்களில் சைக்கிள் ஸ்டாண்டு இருந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. சிறிய இரண்டாவது கூடத்துக்கு அந்த இடம் போதும். அந்தக் கட்டடத்துக்குத் தாராளமாகச் சிமெண்ட் பயன்படுத்தலாம்.