சின்ன மின்சாரக் காருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? சரியாகக் கணக்கெடுக்கும் முறை

காரின் திரை "100 கிலோமீட்டருக்கு 13.2 யூனிட்" என்று காட்டும். அதை யூனிட் விலையால் பெருக்கி, இவ்வளவுதான் செலவு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தொடக்கத்திலேயே தப்பாகிவிடும். திரை காட்டுவது பேட்டரியிலிருந்து செலவான மின்சாரத்தை. நீங்கள் பணம் கட்டுவது சாக்கெட்டிலிருந்து இழுத்த மின்சாரத்துக்கு. நடுவில் 10 முதல் 20 சதவீதம் வரை வீணாகிறது.

எனவே சார்ஜருக்குப் போகும் லைனில் ஒரு சப்-மீட்டர் போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் பொருத்தும் சார்ஜர் பலவற்றில் மீட்டர் உள்ளேயே இருக்கும். மாதத் தொடக்கத்தில் மூன்று எண்களை எழுதுங்கள்: மீட்டர் அளவு, ஓடோமீட்டர், பேட்டரி சதவீதம். 80 சதவீதத்தில் தொடங்கினால் மாத முடிவிலும் 80 சதவீதம் இருக்கும்போதே அளவெடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியில் மிஞ்சியதோ குறைந்ததோ கணக்கைக் குழப்பும். வெளியில் சார்ஜ் செய்த யூனிட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டருக்குத் திரையில் 132 யூனிட், மீட்டரில் 152 யூனிட் வந்தால், உங்கள் உண்மையான எண் 15.2. இனி எல்லாக் கணக்கும் அதில்தான்.

மெதுவாக ஏற்றினால் மிச்சம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நடப்பது நேர்மாறு. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கம்ப்யூட்டர்களும் பம்ப்பும் விழித்திருக்கும். அவற்றுக்கு மட்டும் 200 முதல் 400 வாட் போகும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் மொத்தமே 2.3 கிலோவாட். அதில் 300 வாட் இதற்கே போனால் 13 சதவீதம் நஷ்டம். 7.4 கிலோவாட் சார்ஜரில் அதே 300 வாட் 4 சதவீதம்தான். ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும்போது ஆகும் இழப்பு இதற்கு மேல் தனி.

சாதாரண சாக்கெட்டில் ஏற்றுபவர்கள் மாதம் ஒரு முறையாவது சார்ஜ் முடிந்த கையோடு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய பிளாஸ்டிக், கருகல் வாடை இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே நிறுத்துங்கள். சாக்கெட்டுக்குள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது வயர் ஸ்க்ரூ லூசாகியிருக்கும். எட்டு மணி நேரம் விடாமல் ஓடும் லோடுக்கு அந்த சாக்கெட் தயாராக இல்லை என்று பொருள். எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டவே வேண்டாம். தனி வயர், தனி பிரேக்கர், கசிவு மின்சாரத்தில் ட்ரிப் ஆகும் பாதுகாப்பு, சரியான எர்த்திங்: இதற்கு ஆகும் ஒரு முறைச் செலவையும் கார் விலையோடு சேர்த்தே பாருங்கள்.

யூனிட்டை அதிகம் விழுங்குவது எது? நெடுஞ்சாலையில் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 90-ல் போவதை 110 ஆக்கினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஊருக்குள் கதை வேறு. அங்கே ஏசியும் ஹீட்டரும்தான் முக்கியம், ஏனென்றால் அவை ஓடுவது கிலோமீட்டர் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில். ஏசி 1 கிலோவாட் எடுக்கிறது என்று வையுங்கள். நெரிசலில் சராசரி 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 100 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், அதாவது 5 யூனிட். சராசரி 80-ல் போனால் 1.25 யூனிட்தான். ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் கருவி) இல்லாத காரில் குளிர்காலத்து ஹீட்டர் இதைவிடப் பல மடங்கு கேட்கும். பிளக் மாட்டியிருக்கும்போதே காரின் உட்புறத்தைக் குளிர்வித்தோ சூடாக்கியோ கிளம்பினால் பேட்டரியின் தூரமாவது மிஞ்சும். குளிருக்கு, காற்றைச் சூடாக்குவதைவிட இருக்கை ஹீட்டருக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும்.

பெட்ரோல் காரோடு ஒப்பிட ஒரு சுருக்குவழி உண்டு. 100 கிலோமீட்டருக்கு 5.5 லிட்டர் குடிக்கும் சின்னக் காரும் 15.2 யூனிட் எடுக்கும் மின்சாரக் காரும் என்றால், 5.5-ஐ 15.2-ஆல் வகுங்கள்: 0.36. ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் விலையில் 36 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை ஓட்டும் செலவில் மின்சாரம் லாபம். வீட்டு மின்சாரம் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே நிற்கும். ஃபாஸ்ட் சார்ஜர் விலை சில இடங்களில் கோட்டைத் தொட்டுவிடும். வாரம் முழுக்க வெளியில்தான் ஏற்ற வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் கார் வாங்குமுன் இந்த ஒரு வகுத்தலைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் இடத்தில் 80 சதவீதத்தோடு கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஏறும் வேகம் குறையும், காசு மட்டும் அதே வேகத்தில் ஓடும்.

அடுத்த பெரிய செலவு டயர். பேட்டரியின் எடையும், நின்ற இடத்திலிருந்தே கிடைக்கும் முழு டார்க்கும் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) சேர்ந்து டயரைச் சீக்கிரம் தேய்க்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பாருங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றுங்கள். மாற்று டயர் வாங்கும்போது லோட் இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது. மலிவான டயர் போட்ட பிறகு யூனிட் கணக்கு திடீரென ஏறினால் காரணம் பெரும்பாலும் அந்த டயரின் உருளும் தடைதான்.

பிரேக் பேட் நெடுநாள் வரும், வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே பார்த்துக்கொள்வதால். ஆனால் பயன்படாத பிரேக் துருப்பிடிக்கும், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரின் பின் இறுகிவிடும். வாரம் ஒரு முறை, பின்னால் வண்டி வராத நேர்ச்சாலையில் நியூட்ரலில் போட்டு, 50-லிருந்து நாலைந்து தடவை அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். நியூட்ரலில் மோட்டார் உதவாது. டிஸ்க் தேய்ந்து சுத்தமாகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது; தேய்மானம் இல்லாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

12 வோல்ட் பேட்டரியைப் பலர் மறந்தே போகிறார்கள். பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தாலும் இந்தச் சின்னது செத்தால் கதவு பூட்டு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான மெயின் காண்டாக்டர் எதுவும் வேலை செய்யாது. ஈய பேட்டரி என்றால் ஆயுள் 3 முதல் 5 ஆண்டு. செல்போன் ஆப்பில் அடிக்கடி காரைத் தட்டி எழுப்பினால் இன்னும் சீக்கிரம் போகும். மூன்றாம் ஆண்டிலிருந்து சர்வீஸில் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

மற்றபடி கேபின் ஃபில்டர், வைப்பர், கையேடு சொல்லும் தேதியில் கூலன்ட். கூலன்டில் குழாய்த் தண்ணீர் கலக்காதீர்கள். சில கார்களில் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனி வகைதான் ஊற்ற வேண்டும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அடியில் கல் தட்டி பேட்டரி உறை நசுங்கினால் பணம் உண்டா? எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கடைசியாக நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி: நாலு டயரின் விலையை அவை ஓடும் கிலோமீட்டரால், 12 வோல்ட் பேட்டரி விலையை 48 மாதத்தால், ஆண்டு இன்சூரன்ஸையும் சர்வீஸையும் 12-ஆல் வகுத்து, மாத மின்கட்டணத்தோடு கூட்டுங்கள். டயரின் கிலோமீட்டர் செலவை அந்த மாதம் ஓடிய தூரத்தால் பெருக்க மறக்காதீர்கள்.