ஏ.எல். பெறுபேறு வந்த பிறகு கம்பஸுக்கு விண்ணப்பிப்பது எப்படி

ஏ.எல். எனப்படும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் எல்லாரும் கேட்பது "எத்தனை ஏ?" என்றுதான். ஆனால் இலங்கையில் அரச பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும்போது பார்ப்பது இஸட் புள்ளியை, 2001இலிருந்து அப்படித்தான். 3 ஏ எடுத்தும் மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் ஏயை எண்ணிச் சந்தோஷப்படவோ அழவோ அவசரப்படாதீர்கள்.

விண்ணப்பிக்க ஒரே தடவையில் மூன்று பாடமும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி), ஏ.எல். பாடங்களோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி வேண்டும். பொது ஆங்கிலம் இஸட் புள்ளியில் சேராது.

இஸட் புள்ளிக் கணக்கு இதுதான்: உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) பிரிப்பார்கள். சராசரி 40, விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் 2, சராசரி 55, விலகல் 10 உள்ள பாடத்தில் அதே 70க்கு 1.5தான். மூன்று பாடத்தினதும் சராசரிதான் உங்கள் இஸட் புள்ளி.

அப்புறம் மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் மாவட்டம் பார்க்காமல் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கிளிநொச்சி, மன்னார், நுவரெலியா போன்ற கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. மாவட்டத்தைத் தீர்மானிக்கையில் பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடம் எங்கே படித்தீர்கள் என்று பார்ப்பார்கள், ஆகவே இடையில் பாடசாலை மாறியவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியை வரி விடாமல் வாசியுங்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது யூனி-கோட் (ஒவ்வொரு பல்கலைக்கழகக் கற்கைநெறிக்கும் உள்ள குறியீடு) விருப்ப வரிசையில்தான். போன வருட வெட்டுப்புள்ளியை (கடைசியாக இடம் கிடைத்தவரின் இஸட் புள்ளி) பார்த்துப் பயந்து, உண்மையிலேயே விரும்பியதைக் கீழே போட்டுவிடுகிறார்கள், பார்க்கவே மனம் பொறுக்காது. வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும். மேலே போட்டது கிடைக்காவிட்டாலும் அடுத்ததற்கான வாய்ப்பு குறையாது, அங்கேயும் உங்கள் இஸட் புள்ளியைத்தான் பார்ப்பார்கள், ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ளவை உங்களுக்கு இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வரிசை வேண்டாம், உங்கள் ஆசை வரிசையையே போடுங்கள்.

மொரட்டுவையில் கட்டடக்கலை போன்ற சிலவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை (அந்தத் துறைக்கான திறனைப் பார்க்கும் தனிப் பரீட்சை) உண்டு, அதற்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்தக் கடைசித் திகதியை இன்றைக்கே பாருங்கள்.